ஆறு ஸ்கொயர் ஒயர்

மே 14, ஞாயிறு

வேன் வேலை இன்றோடு முடிந்தது. யாரையும் கூப்பிடவில்லை, எல்லாம் நானே. ஹார்டுவேர் கடையில் புதுவருஷத்துக்குக் கொடுத்த டைரி இது. எந்த வீட்டில் எத்தனை பாயிண்ட் வயரிங் என்பதைத் தவிர இதுவரை வேறெதுவும் இதில் ஏறியதில்லை. இன்று எழுதத் தோன்றியது.

வாங்கியது பழைய வேன். நடுச்சீட்டைக் கழற்றி எடுத்துவிட்டேன். அந்த இடத்தில் என் மனைவி வாணியின் சக்கர நாற்காலி நிற்கும். பக்கக் கதவைத் தள்ளினால் இரும்புப் பலகை சரிவாக இறங்கும், நாற்காலியோடு அப்படியே ஏற்றிவிடலாம். ஒரே இடைஞ்சல் பேட்டரி. நடுச்சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டிக்குள் இருந்தது, நாற்காலியின் சக்கரம் சரியாக அங்கேதான் போய் முட்டியது. தூக்கிக் கடைசிச் சீட்டுக்குப் பின்னால் மூலையில் வைத்தேன். பழைய கேபிள் எட்டவில்லை. ஷெட்டுக்குள் போய்த் தேடினேன். ஆணியில் தொங்குகிற பழைய கம்பி வலைக்குக் கீழே ஆறு ஸ்கொயர் கனத்தில் காப்பர் ஒயர் ஒரு சுருள் மிச்சம் கிடந்தது. பிளஸ்ஸுக்கு ஒன்று, மைனஸுக்கு ஒன்று, தரை விரிப்புக்கு அடியில் ஓரமாக இழுத்துவிட்டேன். ஏசியோடு சேர்த்து ஒரு வீடே ஓடுகிற ஒயர் அது. 230 வோல்ட்டைச் சுமக்கிற ஒயருக்கு இந்தப் பன்னிரண்டு வோல்ட் எந்த மூலைக்கு?

சாயங்காலம் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது. வாணி ஜன்னலிலிருந்து பார்த்துக் கை தட்டினாள். கட்டிலை ஜன்னலோரமாகப் போட்டது நான்தான். காற்றும் வரும், வாசலில் நடப்பதும் தெரியும்.

ஜூன் ஒன்று பள்ளி திறப்பு. அன்று போய்க் கையெழுத்துப் போட்டால் அவள் வேலை அவளுக்கு. போடாவிட்டால் இனி லீவு கிடையாது. உடல்நிலை காரணமாக ஓய்வு பெறுகிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள். இரண்டு வருஷத்துக்கு முன் ரோட்டுப் பள்ளத்தில் பைக்கிலிருந்து விழுந்து முதுகெலும்பு அடிபட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லை. மற்றபடி மூளை, வாய் எல்லாம் முன்பைவிட ஜோர்.

மே 17, புதன்

வேன் ஸ்டார்ட் ஆகவில்லை. செல்ஃப் உர்... உர்... என்று இழுத்துவிட்டு நின்றுபோனது. நான்காவது தடவை வெறும் 'டிக்' மட்டும்.

உள்ளே வந்தால் வாணி, "ஏனுங்க, ஒயர் எவ்வளவு நீளம் இழுத்திருக்கீங்க?" என்றாள்.

"ஏன், பரீட்சை வைக்கப் போறியா?" என்றேன்.

அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டாள். மதியம் ரசம் உப்புக் கரித்தது. அதற்கும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டாள். சொல்லியிருக்கலாம்.

மே 18, வியாழன்

பேட்டரி பழசு. அதுதான் காரணம். தெரியாமல் இல்லை, சும்மா இருக்கிறதே என்று விட்டுவைத்தேன்.

ஒயரில் என்னுடைய கிளாம்ப் மீட்டரை மாட்டி வாணிக்கு ஃபிசியோதெரபி செய்ய வருகிற தம்பியைச் சாவி திருப்பச் சொன்னேன். மீட்டரில் சைபர். வீட்டு மின்சாரத்தைத்தான் அது காட்டும், பேட்டரி கரண்ட்டைக் காட்டாது என்பது கழற்றி வைத்த பிறகு நினைவுக்கு வந்தது. இருபத்திரண்டு வருஷமாக வயர்மேன் லைசென்ஸ் வைத்திருக்கிறேன். அந்தத் தம்பி பார்க்கிற பார்வை பிடிக்கவில்லை.

மே 21, ஞாயிறு

புது பேட்டரி போட்டேன். ஸ்டார்ட் ஆனது. மூன்று முறை அணைத்து, மூன்று முறை போட்டுப் பார்த்தேன். சொன்னேன் அல்லவா.

மே 24, புதன்

மத்தியானம் இரண்டு மணி வெயிலில் எடுத்துப் பார்த்தேன். பெட்ரோல் பங்க் வரை போய் அணைத்தேன். அவ்வளவுதான். புது பேட்டரி, நாலு நாள்கூட ஆகவில்லை, உர்... உர்... டிக். பங்க்கில் இருந்த நாலு பேர் தள்ளினார்கள். ஒருத்தர், "புது பேட்டரி போடுங்ணா" என்று புத்தி சொன்னார். கழுத்தைப் பிடித்துத் திருகலாம் போல இருந்தது.

வீட்டுக்கு வந்து விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். ஒயர் கொஞ்சம் சுடுகிற மாதிரி இருந்தது. இந்த வெயிலில் எதுதான் சுடவில்லை.

மே 25, வியாழன்

வாணியின் நச்சரிப்புக்காக பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கும் ரபீக்கை வரச்சொன்னேன். இவர்களுக்கெல்லாம் லைசென்ஸும் கிடையாது ஒன்றும் கிடையாது. கார் பேட்டரியில் கை வைத்தால் யாரும் சாகப்போவதில்லை, அந்தத் தைரியம்.

வந்தவர் பேட்டரியைப் பார்க்கவில்லை. நேராக விரிப்பைத் தூக்கினார்.

"ஏனுங்ணா, இது வீட்டு ஒயரில்லீங்களா? யாருங்ணா போட்டது?"

"வண்டி வித்தவன் போட்டது" என்றேன்.

"போட்டவன் வீட்டு வயரிங் பண்றவனா இருப்பானுங்க" என்று சிரித்தார். "இது பத்தவே பத்தாதுங்ணா. முப்பத்தஞ்சு ஸ்கொயர் போடோணும். என்ற கட்டை விரல் தண்டி இருக்கோணும் கேபிளு."

"பன்னெண்டு வோல்ட்டுக்குக் கட்டை விரல் தண்டியா?"

"செல்ஃப் இழுக்கற இழுப்புக்குங்ணா."

அப்புறம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். முப்பத்தைந்து ஸ்கொயர் என்பது மில்லுக்கு மெயின் இழுக்கிற கணக்கு. ஒரு ஓட்டை வேனுக்கு எதற்கு? கடையில் கேபிள் தேங்கிப்போயிருக்கும், தலையில் கட்டப் பார்க்கிறார்.

ஜன்னலைப் பார்த்தேன். வாணி அங்கேதான் இருந்தாள். நான் சொன்னது எல்லாம் காதில் விழுந்திருக்கும்.

மே 26, வெள்ளி

வெயில் கொடுமை. பள்ளி திறப்பை ஜூன் ஏழுக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள். அப்பாடா என்றிருந்தது. வாணி முகத்தில் ஒரு சந்தோஷமும் இல்லை. "இன்னும் ஒரு வாரம் இந்தக் கூரையப் பாக்கோணும்" என்றாள்.

பள்ளிக் கிளார்க் மார்ச்சிலேயே என்னிடம் ஒரு படிவம் கொடுத்தார். மருத்துவக் காரணத்தால் ஓய்வு. சும்மா வைத்திருங்கள் என்றார். நான் கேட்டு வாங்கவில்லை, ஆனால் வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இந்த டைரியின் கடைசிப் பக்கத்தில்தான் இருக்கிறது. அவளிடம் காட்டவில்லை. எதற்குக் காட்ட வேண்டும்? பதினொரு கிலோமீட்டர் தினமும் போய், தினமும் வந்து, அங்கே யார் பார்த்துக்கொள்வார்கள், யூரின் பையை யார் மாற்றுவார்கள்? பயம் இருக்கக் கூடாதா எனக்கு?

மே 28, ஞாயிறு

ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றி இறக்கினேன். கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தது. மாற்றினேன். துடைத்து, கிரீஸ் வைத்து, மாட்டி முடிக்க ஏழு மணி நேரம். முட்டியில் தோல் உரிந்தது.

எதிர்வீட்டு ஈஸ்வரன் இன்றும் மனைவியைப் பைக்கில் உட்கார வைத்துச் சந்தைக்குப் போனான். வண்டியில் சாரி கார்டு இல்லை. சேலை சக்கரத்துக்குள் போகாமல் தடுக்கிற அந்தக் கம்பி வலையை மாட்டித் தொலையடா என்று பத்துத் தடவை சொல்லியாயிற்று. "அடச் சும்மா இருங்ணா, பழைய காலத்து ஆளு" என்று சிரிக்கிறான். கத்திவிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவன் மனைவி பயந்துபோய் முந்தானையை மடியில் சுருட்டிக்கொண்டாள்.

மே 29, திங்கள்

ஸ்டார்ட் ஆகிறது.

மே 30, செவ்வாய்

ஆகவில்லை.

ஜூன் 3, சனி

இன்று நடந்ததை எழுதப் பிடிக்கவில்லை. இருந்தும் எழுதுகிறேன்.

வாணி ஒத்திகை பார்க்க வேண்டும் என்றாள். பள்ளி வரை போய்த் திரும்பிவிடலாம், வாட்ச்மேன் இருப்பார் என்று. இரண்டு வருஷத்துக்குப் பிறகு சேலை கட்டினாள். வீட்டில் எப்போதும் நைட்டிதான். கட்டிவிடுவதற்கு எனக்குத்தான் தெரியவில்லை, கொசுவம் கலைந்து கலைந்து போனது. நாற்காலியோடு வேனில் ஏற்றினேன். காலை நேரம், ஸ்டார்ட் ஆகிவிட்டது. போனோம். பள்ளி வாசலில் அரை மணி நேரம் நின்றோம். அவள் புது கட்டடத்தையும் மரத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். வாட்ச்மேன் வந்து, "டீச்சர் வந்துட்டீங்களா" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

திரும்பும்போது சாவியைத் திருப்பினால் டிக்.

மைதானத்தில் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஓடி வந்தார்கள். எல்லாம் அவளிடம் படித்தவர்கள். "டீச்சர் வண்டிடா, தள்ளுங்கடா." தள்ளினார்கள். கத்திக்கொண்டும் சிரித்துக்கொண்டும்தான் தள்ளினார்கள், கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. வண்டி குலுங்கிக் குலுங்கிப் பிடித்தது. கண்ணாடியில் பார்த்தேன். வாணி நாற்காலிக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள்: "தெனமும் சாயங்காலம் பிள்ளைக தள்ளித்தான் நான் வீட்டுக்கு வரோணும்னா, நான் போகலீங்க. அந்த வேலையே வேண்டாம்."

"அப்போ விட்டுடலாமா?" என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

அவள் என்னைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு, "ஒயரு எவ்வளவு நீளமுங்க?" என்றாள்.

நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

ஜூன் 5, திங்கள்

பள்ளி திறப்பு மறுபடி தள்ளிப்போயிற்று. பன்னிரண்டாம் தேதி, திங்கள். தலைமை ஆசிரியை போன் செய்தார். "சார், பன்னெண்டாந்தேதி காலைல ஒன்பதரைக்குள்ள டீச்சர் ரிஜிஸ்டர்ல கையெழுத்துப் போட்டுட்டாங்கன்னா மத்தத நான் பாத்துக்கறேன். அதைத் தாண்டுனா என் கையில இல்ல." நல்ல மனுஷி. வாணியின் வகுப்பைக் கீழ்தளத்துக்கு மாற்றி வைத்திருக்கிறாராம்.

ஒரு வாரம் இருக்கிறது. டெர்மினலை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து முறுக்கினேன். இனி ஆகவேண்டியது ஒன்றும் பாக்கியில்லை.

ஜூன் 6, செவ்வாய்

உள்ளங்கையில் மருந்து போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

மறுபடி ஒத்திகை. வாணியை ஏற்றி, நாற்காலியைக் கொக்கியால் தரையோடு பூட்டி, பலகையை மடக்கிக் கதவைச் சாத்திவிட்டு முன்னால் வந்து உட்கார்ந்தேன். டிக். மறுபடி. உர். மறுபடி. எனக்கு வெறி வந்துவிட்டது. சாவியைத் திருப்பியபடியே பிடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கு நீயா நானா என்று அந்த இரும்போடு சண்டை.

"ஏனுங்க, நாத்தம் அடிக்குது" என்றாள். நான் விடவில்லை.

"ஏனுங்க! பொகை!"

திரும்பினேன். அவள் நாற்காலிக்குப் பக்கத்தில், விரிப்பின் ஓரத்திலிருந்து வெள்ளையாகப் புகை. கரிந்த பிளாஸ்டிக் நாற்றம். பெட்ரோல் வண்டி. கதவைத் திறந்தேன், பலகை சிக்கிக்கொண்டது. கொக்கி கழலவில்லை. என் விரல்களுக்கு எதுவும் தெரியவில்லை. அவள்தான் சொன்னாள், அதட்டிச் சொன்னாள், வகுப்பில் சொல்கிற மாதிரி: "மொதல்ல பேட்டரிய கழட்டுங்க. என்னைய அப்புறம் எறக்கலாம். பேட்டரி!"

பின்கதவைத் திறந்து டெர்மினலைப் பிடுங்கினேன். உள்ளங்கை சுட்டுவிட்டது. புகை நின்றது. பிறகுதான் அவளை இறக்கினேன். ஈஸ்வரன் ஒரு குடம் தண்ணீரோடு ஓடிவந்து நின்றான். தேவைப்படவில்லை.

அவள் சேலை ஓரத்தில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் கருகியிருந்தது. காலில் படவில்லை. பட்டிருந்தாலும் அவளுக்குத் தெரிந்திருக்காது.

ஜூன் 7, புதன்

வேன் பக்கம் போகவில்லை.

ஜூன் 8, வியாழன்

காலையில் அவளே ஆரம்பித்தாள்.

"மீட்டர் இருக்குதல்ல? வோல்ட் பாக்கற மீட்டரு. பொசுங்குன எடத்த வெட்டி ஒட்டுப் போட்டு, ரெண்டு செகண்டு மட்டும் சாவி திருப்பிப் பாக்கலாம். பக்கத்துல எதையும் வைக்க வேண்டாம். என்னைய டிரைவர் சீட்டுல உக்கார வைங்க."

ஒட்டுப் போட்டுவிட்டு அவளைத் தூக்கி உட்கார வைத்தேன். இரண்டு வருஷத்தில் அவள் ஒரு வண்டியின் ஸ்டியரிங்கைத் தொடுவது இதுதான் முதல்முறை. கையை எடுக்கவே இல்லை. நான் பின்னால் போய்ப் பேட்டரியில் மீட்டரை வைத்தேன். அவள் சாவியைத் திருப்பினாள். 10.8. அப்புறம் வண்டிக்கு அடியில் படுத்து ஸ்டார்ட்டரின் போல்ட்டில் வைத்தேன். மறுபடி திருப்பினாள். 8.3.

"எவ்வளவுங்க?" என்றாள் மேலேயிருந்து.

சொன்னேன்.

"மீதி ரெண்டரை எங்கெ போச்சு?"

அடியில் படுத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். மண் காதுக்குள் போனது. எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. உண்மையைச் சொன்னால் ரபீக் விரிப்பைத் தூக்கிய அன்றே தெரியும்.

ஒயரை அளந்தேன். மூன்றரை மீட்டர்.

"போறதுக்கு மூன்றரை, வர்றதுக்கு மூன்றரை. ஏழு. ஒரு காகிதம் குடுங்க."

டைரியிலிருந்து கைக்கு வந்ததை உருவிக் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் பார்த்தேன், அது அந்தப் படிவம். அவள் படித்தாள். மேலிருந்து கீழ் வரை படித்தாள்.

"எப்ப வாங்குனீங்க?"

"மார்ச்சுல. கிளார்க் சும்மா குடுத்தார்."

அவள் அதைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பக்கத்தில், ஸ்டியரிங் மேல் வைத்துக் கணக்குப் போட்டாள். போனில் ரபீக்கைக் கூப்பிட்டு, இந்த வண்டி செல்ஃப் எத்தனை ஆம்பியர் இழுக்கும் என்று கேட்டாள். அவர், "டீச்சருங்களா! என்ற பொண்ணு உங்ககிட்டத்தான் படிச்சா. நூத்தி இருபது இழுக்குமுங்க, மக்கர் பண்ணுனா அதுக்கு மேலயும் போகும்" என்றது எனக்கும் கேட்டது.

நூற்றி இருபது. ஒரு வீட்டு மெயினே நாற்பது ஆம்பியர்தான்.

"வோல்ட் கம்மின்னா மெலிசு ஒயர் போதும்னு நெனச்சுட்டீங்க. தலைகீழுங்க. வோல்ட் கம்மியா இருக்கறதாலதான் ஆம்பியர் இத்தன வேணும். உங்க வீட்டு வயரிங்ல ரெண்டரை வோல்ட் வழியில போனா யாருக்குத் தெரியும்? இருநூத்தி முப்பதுல அது ஒண்ணுமில்ல. இங்கெ இருக்கறதே பன்னெண்டு." காகிதத்தை என்னிடம் நீட்டினாள். "முப்பத்தஞ்சு ஸ்கொயர் போட்டா அரை வோல்ட்டு கூடப் போகாது. அந்த ஆளு சொன்னது சரியாத்தான் இருக்குது."

"மொதல் நாளே தெரியுமா உனக்கு?"

"நீளம் தெரிஞ்சாத்தானுங்க தெரியும். மூணு வாரமாக் கேட்டுட்டு இருக்கேன்."

கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கையைக் கழுவிவிட்டு உப்புமா கிண்டினேன். அடிப்பிடித்துவிட்டது.

ஜூன் 9, வெள்ளி

ரபீக் கடைக்குப் போனேன். முப்பத்தைந்து ஸ்கொயர், மூன்றரை மூன்றரை மீட்டராக இரண்டு துண்டு கேட்டேன். தேங்கிய சரக்கு ஒன்றுமில்லை, அவரே கோயம்புத்தூரிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தது. நாளைக் காலை பஸ்ஸில் வரும் என்றார்.

திரும்ப பஸ் ஏறப் போனவன் மறுபடி கடைக்கு வந்து சொன்னேன்: "ரபீக், அந்த ஒயர வண்டி வித்தவன் போடல. நான்தான் போட்டேன்."

"தெரியுமுங்ணா" என்றார். "ஒயர் நுனியில லக்ஸ் அமுக்குன நேக்கு அப்படி. ரோட்டோரக் கடைக்காரன் எவனும் அத்தன சுத்தமா அமுக்க மாட்டான்."

பாராட்டா கேலியா என்று வீடு வரும்வரை யோசித்தேன்.

ஜூன் 10, சனி

காலையிலேயே கேபிள் வந்தது. கட்டை விரல் தண்டிதான் இருந்தது, கையில் வளைக்கவே கஷ்டம். ரபீக்கிடம் பெரிய லக்ஸ் அமுக்குகிற கருவி இருந்தது, என்னிடம் இல்லை. அவர் அமுக்கினார், நான் இழுத்தேன். உராய்கிற இடத்திலெல்லாம் ரப்பர் குழாய் போட்டேன். பேட்டரிக்குப் பக்கத்தில் ஒரு ஃபியூஸும் வைத்தார். முதலிலேயே அது இருந்திருந்தால் செவ்வாய்க்கிழமை புகை வந்திருக்காது.

வாணி ஜன்னலில் இருந்து எண்ணினாள். வெயில் தலைக்கு மேலே இருக்கும்போது இருபது தடவை போட்டு அணைத்தேன். இருபதும் பிடித்தது. செல்ஃப் இழுக்கும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. ஸ்டார்ட்டரில் மீட்டரை வைத்துப் பார்த்ததில் 10.3.

எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். இருக்கிறது. கூடவே வேறொன்றும் உள்ளே குறுகுறுக்கிறது.

ஜூன் 11, ஞாயிறு

நாளைக்குக் கட்டும் சேலையை இன்று கட்டிப் பார்த்தோம். பச்சைப் பருத்தி. நாற்காலியில் உட்கார்ந்ததும் ஓரம் சரிந்து சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கியது. கம்பிகளுக்கு இரண்டு விரல் தூரத்தில்.

காலையெல்லாம் உட்கார்ந்து பிளாஸ்டிக் தகட்டை வட்டமாக வெட்டி, இரண்டு சக்கரத்துக்கும் உள்பக்கம் மறைப்பு செய்து மாட்டினேன். முடுக்கிவிட்டு ஆட்டிப் பார்த்தேன். திரும்ப முடுக்கினேன். ஐந்தாறு தடவை முடுக்கியிருப்பேன்.

"போதுமுங்க, நட்டு வழுக்கிக்கும்" என்றாள்.

இந்த டைரியில் மே பதினாலாம் தேதி ரோட்டுப் பள்ளம் என்று எழுதியிருக்கிறேன். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னேன். அவள் அண்ணனிடமும் அப்படித்தான், பள்ளியிலும் அப்படித்தான். பள்ளம் எதுவும் இல்லை. ரோடு தார் போட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை.

பைப் கட்டு வைக்க இடைஞ்சலாக இருக்கிறதென்று வெள்ளிக்கிழமை பைக்கில் சாரி கார்டைக் கழற்றினேன். ஞாயிற்றுக்கிழமை புதுமனை புகுவிழாவுக்குக் கிளம்பினோம். மாட்ட ஐந்து நிமிஷம் ஆகும். ஸ்பேனர் எங்கேயோ இருந்தது, நேரமாகிவிட்டது, பார்த்து உட்காருவாள் என்று விட்டேன். சேலை சக்கரத்துக்குள் போனது. நான் முப்பதடி தாண்டிப்போய்த்தான் திரும்பிப் பார்த்தேன்.

அன்று காலை நடந்தது ஒன்றுமே அவளுக்கு ஞாபகமில்லை என்று டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டே இரண்டு வருஷம் ஓட்டினேன்.

தரையில், அவள் நாற்காலிக்கு முன்னால் உட்கார்ந்தபடியே, கையில் ஸ்பேனரோடு, சொல்லிவிட்டேன். "வாணி, அது பள்ளம் இல்ல. வண்டியில கார்டு இல்ல. நான்தான் கழட்டி வெச்சிருந்தேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கத்துவாள் என்றும் நினைத்தேன். அதற்குத் தயாராகத்தான் இருந்தேன்.

"தெரியுமுங்க" என்றாள்.

"எப்படி?"

சேலை ஓரத்தை இழுத்து என் கையில் கொடுத்து, "இதுக்கு ஒரு ஊக்கு குத்துங்க, இன்னும் கொஞ்சம் மேல" என்றாள். அவள் குரல் சாதாரணமாக இல்லை. நான் குத்தினேன். என் விரலில் குத்திக்கொண்டேன்.

அதற்கப்புறம் சாயங்காலம் வரை என்னோடு பேசவில்லை. எனக்குக் கிடைக்க வேண்டியதுதான். ஆறு மணிக்குக் கூப்பிட்டு, "காலைல எட்டு மணிக்கெல்லாம் கெளம்போணும்" என்றாள்.

ஜூன் 12, திங்கள்

எட்டு மணிக்குச் சாவியைத் திருப்பினேன். பிடித்துக்கொண்டது.

ஒன்பது மணிக்கு முன்பே பள்ளியில் இருந்தோம். பலகையை இறக்கினேன். பின்னாலிருந்து தள்ள வந்தவர்களை வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, சக்கரத்தைத் தானே உருட்டிக்கொண்டு போனாள். ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டபோது மணி ஒன்பது ஐந்து. தலைமை ஆசிரியைதான் மணியைப் பார்த்துச் சொன்னார். வாணியின் பையிலிருந்து அந்தப் படிவம் எட்டிப் பார்த்தது. கணக்குப் போட்ட பக்கம் வெளியே தெரிகிற மாதிரி மடித்திருந்தாள். கிளார்க் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மதியம் பையை மாற்ற ஒரு ஆயாம்மாவை ஏற்பாடு செய்திருக்கிறார்கள். நான் தேவையில்லையாம்.

வீட்டுக்கு வந்தேன். இரண்டு வருஷத்தில் முதல் தடவையாக வீட்டில் யாருமில்லை. என்ன செய்வதென்று தெரியவில்லை. அவள் படுக்கையின் விரிப்பை உருவி ஊறப் போட்டேன். புது விரிப்பை விரிக்கும்போது கால் வலித்தது, அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் தலை வைக்கிற பக்கத்தில். அந்தப் பக்கம் நான் உட்கார்ந்ததே இல்லை.

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். வேன் நிற்கிற இடம் தெரிந்தது, அதற்குப் பின்னால் ஷெட். ஷெட்டுக்கு நான் கதவே போடவில்லை. ஜன்னல் சட்டத்துக்கு நடுவில் சரியாக அந்த ஆணி. ஆணியில் அந்தக் கம்பி வலை, சாரி கார்டு. வளையாமல், நசுங்காமல், ஒரு கீறல்கூட இல்லாமல் தொங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்தில் விழுந்த வண்டியில் மாட்டியிருந்திருந்தால் அது அப்படி இருக்காது.

கட்டிலை இங்கே போட்டது நான்தான். இரண்டு வருஷம், காலையிலிருந்து விளக்கு அணைக்கும் வரை, அவள் இதைத்தான் பார்த்துக்கொண்டு படுத்திருந்திருக்கிறாள். நான் ரசம் கொண்டுபோய் வைக்கும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். பள்ளம் என்று சொந்தக்காரர்களிடம் நான் சொல்லும்போதெல்லாம் பார்த்திருக்கிறாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று விட்டிருக்கிறாள்.

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். யாருமில்லை, அதனால் நன்றாகவே அழுதேன்.

பிறகு எழுந்து போய் அதைக் கழற்றினேன். துரு ஒன்றும் இல்லை. ஈஸ்வரன் மில்லுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். அவன் வண்டியை மறித்து நிறுத்திச் சாவியைப் பிடுங்கிக்கொண்டேன். "என்னங்ணா இது?" என்று சிரிக்க ஆரம்பித்தவன் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். மாட்ட ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

நாலேகாலுக்குப் பள்ளி விடும். நாலு மணிக்கு அங்கே இருக்க வேண்டும்.